தென்காசி வட்டாரத்தில் இணைய வாசல்: நிறுவுதலும் நிலைபெறுதலும்

தென்காசி மாவட்டத்தில் இணைய இணைப்பு கொடுக்கும் தொழிலில் இறங்குகிறவர் முதலில் விசாரிப்பது பெட்டியின் விலையைத்தான். கண்ணாடி இழையில் ஒளி அனுப்பும் எட்டு போர்ட் ஓ.எல்.டி. என்ன விலை, பதினாறு போர்ட் என்ன விலை, ரவுட்டர் எத்தனை சந்தாதாரரைத் தாங்கும், ஓ.எல்.டி.யில் செருகும் ஒளியனுப்பியான எஸ்.எஃப்.பி. எந்த வகுப்பு என்று கேட்பார். கேட்க வேண்டியவைதான். அறையில் மின்சாரம் எப்படி வருகிறது, எர்த் எத்தனை ஓம் காட்டுகிறது, மழைத்தண்ணீர் கேபிள் வழியே உள்ளே இறங்குமா என்று கேட்பவர் குறைவு. குற்றாலத்துச் சாரலையும் சங்கரன்கோவில் கரிசலையும் ஒரே மாவட்டத்துக்குள் வைத்திருக்கும் இந்த நிலத்தில், இணைப்பு நிற்பதும் விழுவதும் இரண்டாவது வகைக் கேள்விகளைப் பொறுத்தே அமைகிறது. இக்கட்டுரையின் வாதம் அதுதான்.

இணைய வாசற்கருவி, அதாவது ஆக்சஸ் சர்வர், செய்யும் வேலை மூன்று. உள்ளே வருபவர் யார் என்று சரிபார்க்கிறது. அவருக்கு எந்த வேகம், எந்த முகவரி என்று தீர்மானிக்கிறது. எவ்வளவு நேரம் இருந்தார், எவ்வளவு எடுத்தார் என்று கணக்கு வைக்கிறது. வாசலில் நிற்கும் கருவியே எல்லாப் பெயரையும் கடவுச்சொல்லையும் மனப்பாடமாக வைத்திருப்பதில்லை. பின்னால் இருக்கும் ரேடியஸ் சர்வரிடம் கேட்டு, அது சொல்வதை நிறைவேற்றுகிறது. அமெரிக்காவின் லிவிங்ஸ்டன் நிறுவனம் 1991 வாக்கில் உருவாக்கிய இந்த ஏற்பாடு 2000ஆம் ஆண்டில் ஆர்.எஃப்.சி. 2865 என்ற எண்ணில் பொதுத் தரமாக வெளியானது. அடையாளச் சரிபார்ப்புக்கு 1812, கணக்குக்கு 1813 என்று அன்று குறித்த போர்ட் எண்களைத்தான் இன்று தென்காசியில் ரவுட்டர் அமைக்கும் பையனும் தட்டச்சு செய்கிறான். கருவிகள் நான்கு தலைமுறை மாறிவிட்டன. இந்த உரையாடல் மட்டும் மாறவில்லை.

முதல் தலைமுறை டயல்-அப். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது தமிழ்நாட்டில் வாசல் சென்னையில் மட்டுமே இருந்தது. மாவட்டங்களுக்கு அது பரவியபோது உள்ளூர் அழைப்புக் கட்டணத்தில் 172 என்று தொடங்கும் எண்களைச் சுழற்றி உள்ளே போனோம். மறுமுனையில் இருந்த ஆக்சஸ் சர்வருக்குத் தொலைபேசி நிலையத்திலிருந்து ஈ-1 வழித்தடங்கள் வரும். ஒரு ஈ-1 என்றால் நொடிக்கு 2.048 மெகாபிட், அதில் பேச்சுக்கு 30 தடம். முப்பத்தோராவது ஆள் சுழற்றினால் பிஸி டோன். அவ்வளவுதான் அன்றைய கொள்ளளவுக் கணக்கு. 56 கிலோபிட் மோடம் முழு வேகம் காட்ட வேண்டுமானால் சர்வர் பக்கம் எண்ணிம இணைப்பாக இருந்தாக வேண்டும். ஆகவே வீடுகளில் இருப்பது போன்ற மோடம்களை வரிசையாக அடுக்கிப் பழைய அனலாக் லைன்களில் மாட்டிய சிறு நிலையங்களில் அந்த வேகம் ஒருநாளும் கிடைத்ததில்லை.

அந்தக் காலத்தின் பெரிய சிக்கல் வேறு. தொலைபேசி நிலையங்கள் மூன்று நிமிடப் பேச்சை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. இணையத்துக்குள் போனவர் ஒரு மணி நேரம் லைனைப் பிடித்துக்கொண்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கு டிரங்க் கிடைக்காது. இதற்கு உள்ளூர் விடை கண்டவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழுவினர். அவர்கள் வடிவமைத்த கார்டெக்ட் கம்பியில்லா முறையில், சந்தாதாரரின் இணையப் போக்குவரத்தை நிலையத்துக்குள் நுழையவிடாமல் முன்பாகவே பிரித்து எடுக்கும் ஓர் ஆக்சஸ் சுவிட்ச் இருந்தது. பேச்சு தன் வழியில் போகும், தரவு தன் வழியில் போகும். நேர்ப்பார்வையில் 10 கிலோமீட்டர், இடைநிலை நிலையம் வைத்தால் 25 கிலோமீட்டர், வேகம் 35 அல்லது 70 கிலோபிட். இன்று சிரிப்பு வரும். 2001இல் மேலூர் வட்டாரக் கிராமங்களுக்கு அது வாசல். மதுரை மாவட்டத்தில் சாரி என்ற பெயரில் நடந்த அந்தத் திட்டத்தின் இணையக் குடில்களில் பலவும் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. வருமானம் போதாதது ஒன்று. கெட்டுப்போன கருவியைப் பார்க்க நேரத்துக்கு ஆள் வராதது இன்னொன்று. இந்த இரண்டாவது காரணத்தைப் பற்றி நம்மூரில் போதிய அளவு பேசவில்லை என்பது என் எண்ணம்.

இதே வரிசையில் சி-டாட் நிறுவனத்தையும் நினைக்க வேண்டும். 1984இல் தொடங்கிய அந்நிறுவனத்தின் 128 போர்ட் கிராமத் தொலைபேசி நிலையம் குளிர்சாதனம் இல்லாத அறையில், தூசியிலும் வெயிலிலும் ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர்கள் நிலையம் நிற்கப்போகும் அறையை முதலில் நினைத்துப் பார்த்துப் பிறகு பெட்டியைச் செய்தார்கள். இன்று வருகிற பெட்டிகளில் பல வேறு தட்பவெப்பத்தை நினைத்துச் செய்யப்பட்டவை. அறையை நாம்தான் அவற்றுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டியிருக்கிறது.

2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் அகலப்பட்டையைத் தொடங்கியபோது, தொலைபேசிக் கம்பியிலேயே அதைக் கொடுக்கும் டிஸ்லாம் வந்தது. செப்புக் கம்பியில் மூன்று, நான்கு கிலோமீட்டர் தாண்டினால் வேகம் படுத்துவிடும் என்பதால் நிலையத்துக்கு அருகில் வீடு இருந்தவர் பாக்கியசாலி. பிறகு கண்ணாடி இழை வந்தது. டிஸ்லாம் இருந்த இடத்தில் ஓ.எல்.டி. உட்கார்ந்தது. இங்கே ஒரு முக்கியமான மாற்றம் நடந்ததைக் கவனிக்க வேண்டும். ஆளைச் சரிபார்க்கும் வாசல் ஊரைவிட்டுப் போய்விட்டது. பெரிய நிறுவனங்களின் பி.என்.ஜி. எனப்படும் அந்தக் கருவி பெருநகரத்தில் இருக்கும். ஊரில் இருப்பது இழையில் ஒளியை அனுப்பி வாங்கும் ஓ.எல்.டி. மட்டும். குற்றாலத்தில் ஒருவர் தம் வீட்டுப் பெட்டியைப் போட்டதும் அவருடைய பெயரும் கடவுச்சொல்லும் பல நூறு கிலோமீட்டர் போய்த் திரும்பிய பிறகே முதல் பக்கம் திறக்கிறது. நடுவில் இழை அறுந்தால், ஓ.எல்.டி. நன்றாக இருந்தும் ஊர் முழுக்க இணையம் இருக்காது. சிறு நிறுவனங்கள் ரவுட்டர் ஒன்றிலேயே வாசலையும் வைத்து உள்ளூர் கேபிள் டி.வி. கண்ட்ரோல் ரூமில் எல்லாவற்றையும் ஓட்டுகின்றன. இரண்டு முறைக்கும் இங்கே இடம் உண்டு. ஆனால் இரண்டிலும் அந்த ஊர் அறைதான் உயிர்நாடி.

அந்த அறைக்குள் போவோம்.

எர்த் முதலில். தொலைத்தொடர்பு அறைக்கு நிலத்தடை 1 ஓமுக்கு அருகில் இருப்பது நல்லது. மேற்கே குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் சில அடி தோண்டினாலே பாறை முட்டும். கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் கரிசல். கரிசல் ஈரமாக இருக்கும்போது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கம்பியைவிட்டு விலகிவிடும். பாறை நிலத்தில் ஒரு குழி போதாது, இரண்டு மூன்று குழிகளைப் பட்டையால் இணைக்க வேண்டும். கரிசலில் குழியைச் சுற்றிப் பெண்டோனைட் களிமண் போட்டுக் கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். வீட்டு வயரிங்கின் எர்த்தையே ரேக்குக்கும் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் அந்த வேலைக்குக் கூலி வேறு வகையில் வசூலாகும்.

கண்ணாடி இழையில் இடி இறங்காது என்று தைரியமாகச் சொல்பவர்கள் உண்டு. இழையில் இறங்காது, உண்மை. ஆனால் கம்பத்தில் கட்டிய கேபிளைத் தாங்கும் எஃகுக் கம்பியும், புதைக்கும் கேபிளின் இரும்புக் கவசமும் கடத்தும் பொருள்கள். அவற்றை அறை வாசலிலேயே எர்த் பாரில் இணைக்காமல் ரேக் வரை இழுத்துக்கொண்டு போனால் மின்னலைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்ததற்குச் சமம். ஏப்ரல், மே மாத மாலை மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் இந்தப் பக்கம் இடிக்குப் பஞ்சமில்லை. காசி விசுவநாதர் கோயில் கோபுரமே இடி விழுந்து பிளந்து, தலைமுறைகளாக மொட்டையாக நின்று, 1990இல்தான் மீண்டும் எழுந்தது என்று ஊரார் சொல்வார்கள்.

மின்சாரத்தைப் பற்றிப் பலரும் பேசுவது நீண்ட மின்வெட்டை. ஆனி, ஆடிக் காற்றில் கம்பி உரசி ஒரு நொடி போய் வருவதே கருவிகளுக்குப் பெரிய எதிரி. வீட்டு இன்வெர்ட்டரில் ஓ.எல்.டி.யை மாட்டியிருந்தால், இன்வெர்ட்டர் மாறும் அந்தச் சில மில்லி நொடிகளில் கருவி அணைந்து மீண்டும் எழும். பிறகு நூற்றுக்கணக்கான வீட்டுப் பெட்டிகள் ஒரே நேரத்தில் பதிவு கேட்கும், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ரேடியஸ் கதவைத் தட்டுவார்கள். மின்சாரம் போனது ஒரு நொடி, இணையம் வரப் பத்து நிமிடம். இதற்குத் தீர்வு புதிதல்ல. பழைய தொலைபேசி நிலையங்கள் 48 வோல்ட் பேட்டரியிலிருந்து நேராக ஓடின. இன்றைய ஓ.எல்.டி.களில் பல இரண்டு மின்வழிகளோடு வருகின்றன, ஒன்றை ஏ.சி.யிலும் மற்றொன்றை 48 வோல்ட் டி.சி.யிலும் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. பேட்டரி அறை சூடாக இருந்தால் அதன் ஆயுள் வேகமாகத் தேயும். வழக்கமான வெப்பத்துக்கு மேல் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகிவிடும் என்பது தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. இருந்தும் தகரக் கூரைக்கடியில் பேட்டரி வைக்கும் வழக்கம் போகவில்லை.

சாரல் வேறு விதமான பகை. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்த அறைகளை ஈரத்தில் ஊறவைக்கிறது. கருவி விவரப்பட்டியலில் ஈரப்பதம் 95 சதவீதம் வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். பக்கத்திலேயே சிறிய எழுத்தில் நீர் படியாத நிலையில் என்றும் இருக்கும். ஏ.சி.யை 18இல் வைத்து அறையைக் குளிர வைத்திருப்பார்கள். மின்சாரம் போனதும் கதவைத் திறந்து போடுவார்கள். வெளியே இருக்கும் ஈரக்காற்று உள்ளே வந்து குளிர்ந்த உலோகத்தின் மேல் முத்து முத்தாகப் படியும். இத்தகைய கருவிகளுக்கு 18 முதல் 27 டிகிரி வரை ஏற்றது என்பதால் 26இல் வைப்பதே இங்கே புத்திசாலித்தனம், மின்கட்டணமும் குறையும். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து ஏற வேண்டும், இல்லையென்றால் மழைநீர் அதன் மேலேயே ஊர்ந்து ரேக்குக்குள் வரும். நுழைவுத் துளையை அடைக்காவிட்டால் எறும்பும் பல்லியும் பவர் சப்ளைக்குள் குடியேறும். ஓட்டை அடைக்கும் நுரை டப்பாவின் விலையைப் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

குரங்கைப் பற்றிச் சொல்லாமல் குற்றாலத்தைப் பற்றி எழுத முடியாது. 2015இல் வாராணசியில் கங்கைக்கரையோரம் போட்ட கண்ணாடி இழைக் கேபிளைக் குரங்குகள் கடித்துத் தின்றுவிட்டதாகச் செய்தி வந்தது. வடகாசிக்கு நேர்ந்தது தென்காசிக்கு நேராது என்று சொல்ல இங்கே யாரும் துணிய மாட்டார்கள். மரங்களுக்கு ஊடே கேபிளைத் தொங்கவிடுவதைத் தவிர்த்து, அருவிக்குப் போகும் சாலையோரம் குழாய்க்குள் புதைப்பதே பாதுகாப்பு. செலவு அதிகம்தான்.

இனி ஒளிக்கணக்கு. ஒரு இழையைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் ஜி-பான் முறையில் பி-பிளஸ் வகுப்பு எஸ்.எஃப்.பி. போட்டால் ஓ.எல்.டி.க்கும் வீட்டுக்கும் நடுவில் 28 டெசிபல் வரை இழக்கலாம். தென்காசியில் ஓ.எல்.டி. வைத்துச் செங்கோட்டைக்கு இணைப்பு கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். சாலையில் எட்டு கிலோமீட்டர் என்றாலும் கேபிள் சுற்றி வந்து பத்து ஆகும், கிலோமீட்டருக்கு 0.35 என்றால் 3.5 டெசிபல். ஒரு இழையை 64 வீட்டுக்குப் பிரித்தால் ஏறக்குறைய 20.5. ஆக 24 போய்விட்டது. ஜாயிண்டுகளுக்கும் கனெக்டர்களுக்கும் சேர்த்து மிச்சம் நான்கு. இதில் ஒரு கனெக்டரின் முனையில் விரல்பட்ட எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒரு டெசிபலுக்கு மேல் காலி. பச்சைத் தலை கனெக்டர் எட்டு டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலத் தலை நேராகத் தேய்த்தது. அவசரத்தில் பச்சையை நீலத்தில் செருகினால் நடுவில் காற்றிடைவெளி விழுந்து ஒளி சிதறும்; வெளியே பார்த்தால் பொருந்தியது போலவே இருக்கும். பவர் மீட்டரில் மைனஸ் 22 காட்டினால் நிம்மதி. மைனஸ் 27 காட்டினால் இன்று ஓடும். சாரலில் ஒரு ஜாயிண்ட் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்த அன்று நிற்கும். நல்ல டெக்னீஷியன் இணைப்பு கொடுத்த நாளன்று காட்டிய அளவை எழுதி வைப்பார். ஆறு மாதம் கழித்துப் புகார் வரும்போது அந்த ஒரு எண்தான் துப்பு.

பாதை விஷயத்தில் தென்காசிக்கு இயற்கையாகவே ஒரு வசதி இருக்கிறது. கிழக்கே ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்கு ஒரு வழி, வடக்கே கடையநல்லூர், புளியங்குடி, இராஜபாளையம் வழியாக மதுரைக்கு ஒரு வழி, மேற்கே ஆரியங்காவு தாண்டிக் கொல்லத்துக்கு ஒரு வழி. மூன்று திசையிலும் ரயில் பாதையும் உண்டு. வளையமாக இழை இழுக்க இதைவிட ஏற்ற ஊர் தென்மாவட்டங்களில் அரிது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டித் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் தத்தளித்தபோது, கைப்பேசிச் சேவையும் பல இடங்களில் நின்றுபோனது. திருநெல்வேலி வழி ஒன்றை மட்டுமே நம்பும் நிறுவனம் அங்கே வெள்ளம் வந்தால் இங்கே வெயில் அடித்தாலும் இருட்டில்தான் இருக்கும். இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கிவிட்டேன் என்று சொல்பவர்கள், அந்த இரண்டும் ஒரே பள்ளத்தில் ஒரே குழாயில் வருகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். திருநெல்வேலி சாலையை நான்கு வழியாக்கத் தோண்டியது போன்ற வேலைகளில் ஜே.சி.பி. ஒரு கொத்துக் கொத்தினால் இரண்டும் சேர்ந்தே போகும். தோண்டும் முன் தகவல் தெரிவிக்கும் மத்திய அரசின் செயலி 2023 மார்ச்சில் வந்துவிட்டது. ஒப்பந்ததாரர்கள் அதைத் திறந்து பார்க்கிறார்களா என்பது வேறு கதை.

மத்தளம்பாறையில் ஜோஹோ 2011இல் அலுவலகம் திறந்தது, பிறகு அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு இங்கேயே குடிவந்தது எல்லாம் தென்காசியின் இணையத்தைப் பற்றிய வெளியூர்க் கட்டுரைகளில் தவறாமல் வரும். பெருமைதான். ஆனால் ஒரு மென்பொருள் நிறுவனம் தனக்கு வேண்டிய இணைப்பையும் ஜெனரேட்டரையும் பணம் கொடுத்து அமைத்துக்கொள்ளும். பக்கத்து ஊராட்சியின் நிலையை அதை வைத்து எடைபோட முடியாது. ஊராட்சிக்கு வருவது மத்திய அரசின் பாரத்நெட் திட்டம். அதைத் தமிழ்நாட்டில் நிறைவேற்ற 2018இல் டான்ஃபினெட் நிறுவனம் அமைக்கப்பட்டது. 12,525 ஊராட்சிகளுக்கும் நொடிக்கு 1 கிகாபிட் என்பது இலக்கு, மதிப்பு ஏறத்தாழ 1,815 கோடி ரூபாய். ரேக்கும் கருவியும் பெரும்பாலும் ஊராட்சிக் கட்டடத்தில் வைக்கப்படுகின்றன. அந்த அறையின் மின்கட்டணம் யார் கணக்கு, சாவி யாரிடம், பேட்டரி வீங்கினால் யாருக்கு ஃபோன் செய்வது என்ற மூன்றுக்கும் தெளிவான பதில் சுவரில் எழுதப்படாத இடத்தில் 1 கிகாபிட் வெறும் காகிதம்தான். மேலூர் குடில்கள் நமக்கு இதைச் சொல்லி இருபது ஆண்டுகளாகின்றன.

குற்றாலத்துக்கென்று தனியாக ஒரு கணக்கும் உண்டு. சீசனில் விடுதிகள் நிரம்பும்போது மாலை ஏழு மணிக்கு மேல் அத்தனை அறையிலும் கைப்பேசியில் வீடியோ ஓடும். சீசன் முடிந்தால் காலி. ஆண்டுச் சராசரியை வைத்துத் திட்டமிட்டால் சாரல் விழாவில் கெட்ட பெயர், உச்சத்தை வைத்துத் திட்டமிட்டால் ஒன்பது மாதம் நஷ்டம். மேல் இணைப்பை மட்டும் மூன்று மாதத்துக்கு உயர்த்தி வாங்கும் ஒப்பந்தமே நியாயமான நடுவழி. விடுதிக்குள் இருக்கும் வை-ஃபை வாசலும் ஓர் ஆக்சஸ் சர்வர்தான். வரவேற்பு மேசையில் எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதிக் கொடுப்பது சட்டத்துக்கும் பொருந்தாது, விடுதிக்காரருக்கும் ஆபத்து.

வாசல் கணக்கு வைக்கிறது என்று சொன்னேனே, அந்தக் கணக்கில் நேரம் சரியாக இருக்க வேண்டும். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கருவிகளின் கடிகாரம் அரசு நேர சர்வர்களோடு ஒத்துப்போக வேண்டும், பதிவேடு 180 நாள் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் கடிகாரத்துக்குத் தனிப் பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் 1970 ஜனவரி 1க்குப் போய்விடும். ஒரே பொது முகவரியை நூறு வீடு பகிர்ந்துகொள்ளும் இன்றைய நிலையில், காவல்துறை வந்து இந்த நிமிடம் இந்த முகவரியில் இருந்தது யார் என்று கேட்டால், 1970ஆம் ஆண்டுப் பதிவைக் காட்டி என்ன சொல்வது? நேரத்தைச் சரிசெய்த பிறகே சந்தாதாரரை உள்ளே விடும்படி அமைக்க வேண்டும். சில வரி அமைப்புதான். ஆனால் முதல் நாளே செய்ய வேண்டியது.

சாரல் ஜூனில் தொடங்கும். நிலம் மிகவும் காய்ந்திருப்பது மே கடைசியில், ஆகவே அப்போது எடுக்கும் எர்த் அளவுதான் நம்பத் தகுந்தது. கண்ட்ரோல் ரூம் நடத்துபவர்களும் ஊராட்சித் தலைவர்களும் அந்த வாரத்தில் ஒரு நாள் ஒதுக்கி எர்த்தை அளந்து, பேட்டரியை ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, இரண்டு அளவையும் தேதியோடு அறைக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள். புதிய பெட்டி வாங்குவதை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.